மேல் செட்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எண்ண இரண்டு கை விரல் போதும். அதில் பாதி நாலு பேர் முன்னால் சொல்ல முடியாதது. மீதியில் தினமும் என் வாயில் புரளுவது ‘செட்’. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு செட்டாகவில்லை. வாத்தியார் அதை வேறு மாதிரி சொன்னார். அவர் சொன்னதில் ஒரு மிருகத்தின் பெயர் இருந்தது.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முனை ஓட்டலில் ‘ஒரு செட்’ என்று கேட்டால் மூன்று தோசை வரும். முடிவெட்டுகிற கடையில் ‘செட் பண்ணு’ என்றால் தாடி ஒழுங்காகும். மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் செட். பண்டிகைக்கு ஒரு செட் துணி. கெட்ட சகவாசம் வைத்தால் ‘அந்த செட்டோட சேராதே’ என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் மற்ற பிள்ளைகளுக்கு அதைச் சொன்னார்கள். ஒருத்தன் ஒருத்தியைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துவிட்டால் ‘செட் பண்ணிட்டான்’. நானும் கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தியை செட் பண்ண ஒரு வருஷம் அலைந்தேன். அவளுடைய அண்ணன்மார்கள் இரண்டு பேர் வந்து என் மூக்கை செட் பண்ணிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் இடது பக்கம் மூச்சு கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

கட்டிக்கொண்டவள் வாணியம்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து ஃபோன் செய்தாள். ‘நமக்குள்ள செட்டாவல. உட்டுரு’ என்றாள். நான் ‘எந்த செட்டு, தோசையா துணியா’ என்று கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டாள். எனக்கு எப்போதும் வாய்தான் முதலில் வரும். மூளை அடுத்த பஸ்ஸில் வரும், அதுவும் நின்றுகொண்டு வரும்.

நான் பார்ப்பது டைல்ஸ் வேலை. எங்கள் தொழிலில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஒரு மேஸ்திரிக்குக் கீழே சேர்ந்து வேலை செய்கிற ஆட்கள். எங்கள் செட்டில் மூன்று பேர். கல் ஒட்டுகிறவர் ஒருவர். டைல்ஸை நாங்கள் கல் என்றுதான் சொல்லுவோம். சிமெண்டும் மணலும் கலக்குகிற அக்கா ஒருத்தி. தூக்கிச் சுமக்கிற கழுதை நான். இன்னொரு அர்த்தம் சிமெண்டுக்கு. தரையில் போட்ட கலவை ஒரு ராத்திரி தாண்டினால் செட்டாகிவிடும். அதற்கப்புறம் அதனிடம் கையால் பேச முடியாது, உளியால்தான் பேச வேண்டும்.

கல் ஒட்டுகிறவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அந்த சர்ச்சில் தவக்காலம் வந்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் சிலுவைப்பாதை நடக்கும். சுவரில் பதினாலு படம், ஒவ்வொன்றும் ஒரு ஸ்தலம். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் முட்டிபோட்டுப் பதில் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வாசிப்பு அண்ணனுடையது. பகலில் முட்டிபோட்டு ஊரார் வீட்டுக்குக் கல் ஒட்டுகிற மனிதர். அந்த ஒரு மணி நேரம் அவர் நிற்பார், ஊர் முட்டிபோடும்.

பிறகு மேல் வரிசைப் பல் ஒவ்வொன்றாகப் போனது. கடைசி இரண்டும் விழுந்த வருஷத்தில் அவர் ‘ஸ்தலம்’ என்று சொன்னால் காற்று மட்டும் வந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபாதர் புத்தகத்தை வாங்கி பக்கத்துத் தெரு டீச்சரம்மா கையில் கொடுத்துவிட்டார்.

வேலை இடத்தில் சிரித்த பிள்ளை நான். டீ வேளையில் தினமும், “அண்ணா, எங்க ஏரியா பேரு இன்னா, ஒருவாட்டி சொல்லேன்” என்று கேட்பேன். ஸ்ரீராம்புரம் என்று பல்லில்லாமல் சொல்லிப் பாருங்கள். அவர் சொல்லுவார், எச்சில் தெறிக்கும், நான் குடை பிடிக்கிற மாதிரி தலைமேல் கலவைத் தட்டைப் பிடிப்பேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அவர் சிரித்ததால் வலிக்கவில்லை என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வசதிக்கு நானே கற்றுக்கொண்டது.

இந்த வருஷம் அவருக்குப் பல் செட் வந்தது. அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, வேலைக்கு லீவு போட்டுப் போட்டு, அளவெடுத்து, திரும்ப அளவெடுத்து, ஏழு மாதத்துக்கு அப்புறம் கிடைத்த மேல் செட். அதைப் போட்டுக்கொண்டு நேரே ஃபாதரிடம் போய் முதல் ஸ்தலத்தை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். ஃபாதர், வருகிற வெள்ளிக்கிழமை ஒருநாள் வாசியுங்கள், சரியாக வந்தால் பெரிய வெள்ளி வரைக்கும் நீங்களே வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இதை எங்களிடம் சொன்னபோது அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வரிசை முடியாமல் அவர் கரண்டியை வைத்து நான் பார்த்ததில்லை.

அப்போது நாங்கள் ஜோகுபாளையம் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஹால் தரை போட்டுக்கொண்டிருந்தோம். நாலடிக்கு ரெண்டடி கல், கண்ணாடி மாதிரி. அந்த சரக்கு கடையில் தீர்ந்துவிட்டது, நம்மிடம் எண்ணி வைத்த மாதிரிதான் இருக்கிறது என்று மேஸ்திரி முதல் நாளே எச்சரித்திருந்தார். அவர் கன்னடக்காரர், தமிழைப் பாதியில் விட்டுவிட்டுக் கன்னடத்தில் முடிப்பார். “யாரு ஒரு கல்லு ஒடைச்சாலும் நாளேயிந்த பரபேடா” என்றார். நாளையிலிருந்து வராதே என்று அர்த்தம். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

கல் வெட்டுகிற மெஷின் ஓடினால் மாவு மாதிரித் தூசி பறக்கும். அது செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் போனால் புண்ணாகிவிடும். அதனால் வேலை நேரத்தில் அண்ணன் செட்டைக் கழற்றி சாப்பாட்டு டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைப்பார். டீ வேளையில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று ஜெபம் சொல்லிப் பழகுவார். டப்பா மூடியில் கிடந்து அது நாள் பூராவும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒருத்தன் சிரித்தால் பதிலுக்கு ஏதாவது செய்யாமல் என்னால் இருக்க முடியாது.

புதன்கிழமை மத்தியானம் செய்தேன். தரையில் இரண்டு அங்குலத்துக்கு ஈரக்கலவை பரப்பி, அதன்மேல் கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, தூக்கிப் பார்த்து, சிமெண்ட் பால் ஊற்றி மறுபடி வைப்பது முறை. அண்ணன் பாத்ரூம் போனார். நான் மூடியிலிருந்து செட்டை எடுத்து, அடுத்த கல் வரவேண்டிய இடத்தில் கலவையைக் கொஞ்சம் குடைந்து, பல் மேலே பார்க்கிற மாதிரி வைத்தேன். அவர் கல்லை வைப்பார், ஆடும், தூக்கிப் பார்ப்பார், கீழே அவருடைய பல்லே அவரைப் பார்த்து இளிக்கும். இதுதான் தமாஷ். அப்படியே விட்டிருந்தால் தமாஷாகவே முடிந்திருக்கும். ஆனால் பல் பளிச்சென்று தெரிந்தது. தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாரே என்று, எனக்கு அறிவு பொங்கி, இன்னும் ஆழமாக அழுத்தி, மேலே ஒரு பிடி கலவையைத் தூவித் தடவினேன். நான் வாழ்க்கையில் நேர்த்தியாகச் செய்த ஒரே பூச்சு வேலை அது.

கீழேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். வண்டி வந்திருக்கிறது, பசை மூட்டை இறக்கு என்றார். லிப்ட் இன்னும் மாட்டவில்லை. நான் பன்னிரண்டு மூட்டையை மூன்று மாடி தூக்கி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது, அண்ணன் அந்த வரிசையை முடித்து அடுத்த வரிசையில் இரண்டு கல் தாண்டியிருந்தார்.

“கல்லு ஒண்ணும் ஆடலையாண்ணா” என்று கேட்டேன்.

“ஏன் ஆடும். நான் போட்ட கல்லு எப்போ ஆடியிருக்கு” என்றார், காற்றும் எச்சிலுமாக. ஒரு இடத்தில் கலவை மேடாக இருந்தது போல, சுற்றிலும் இன்னும் கொஞ்சம் போட்டுச் சமமாக்கிவிட்டேன் என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கலவை ஈரம், கல்லை இரண்டு விரலால் தூக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் வந்துவிட்டார். அவர் கையில் ஒரு கம்பு. ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போவார். அடியில் பள்ளம் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார், அந்தக் கல்லைப் பெயர்க்க வேண்டும். இவரே கண்டுபிடித்துவிடட்டும், என் வாயிலிருந்து வராமல் போகட்டும் என்று நின்றேன். தட்டிக்கொண்டே அந்தக் கல்லுக்கு வந்தார். தட்டினார். இரண்டாவது தடவையும் தட்டினார். தாண்டிப் போனார். “ஒந்தூ டொள்ளு இல்லா” என்றார். ஒன்றுகூடப் பொத்தல் இல்லை என்று பாராட்டு. அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். தன் பல்லை இவ்வளவு அழகாகப் புதைத்ததற்குப் பாராட்டு வாங்கிய மனிதர் பெங்களூரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சாயங்காலம் கை கழுவிவிட்டு மூடியைப் பார்த்தார். தண்ணீர் மட்டும் இருந்தது.

தேடினார். நானும் தேடினேன். காலி மூட்டைகளை உதறினேன், ஜன்னல் விளிம்பைத் தடவினேன், குப்பையைக் கிளறினேன். ஒளித்தவனை விட ஒழுங்காகத் தேடுகிறவன் கிடையாது. எங்கே இல்லை என்று அவனுக்குத்தான் தெரியும். அக்கா மட்டும் கலவைச் சட்டியைக் கழுவியபடி என்னையே பார்த்தாள்.

“எலி இழுத்துகினு போயிருக்குமாண்ணா” என்றேன்.

“இருக்கும்” என்றார். “பளபளன்னு இருந்துச்சே.”

வியாழக்கிழமை காலையில் அவர் தூங்காத முகத்தோடு வந்தார். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்ததில் புதுசுக்கு மறுபடி ஏழு மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தமாஷைச் செய்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பது எனக்கு மலச்சிக்கல் மாதிரி. சொல்லிவிட்டேன். சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னேன், அவரும் வழக்கம் போலச் சிரிப்பார் என்று.

“எந்தக் கல்லு” என்று மட்டும் கேட்டார்.

காட்டினேன். முட்டிபோட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சுத்தி பிடியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். கலவை ராத்திரியே செட்டாகியிருந்தது. எழுந்து உளியை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

“நீ ஒடச்சுரு. சுத்தி கை தவறி உழுந்துருச்சுன்னு சொல்லு. நானும் பாத்தேன்னு மேஸ்திரி கிட்ட சாட்சி சொல்றேன். நாளிக்கு வெள்ளிக்கெழம, தம்பி.”

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் ஈறால் கடித்துக் கடித்து எடுத்தார். அவர் உடைத்தால் அவர் வேலை போகும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். கை தவறியது என்றால் திட்டோடு போய்விடும் என்று எனக்காகவும் சேர்த்து யோசித்து வைத்திருந்தார். நான் மேஸ்திரி சொன்னதை யோசித்தேன். ஓட்டல் பாக்கி, வாடகை, வாணியம்பாடிக்காரி சிரிப்பது எல்லாம் வரிசையாக வந்தது.

“வேணாண்ணா” என்றேன். “அப்பிடியே கெடக்கட்டும். வீட்டுக்காரங்க கிருகப்பிரவேசத்துக்கு வர்றப்போ கீழருந்து ஒருத்தர் சிரிச்ச மூஞ்சியா வரவேத்த மாரி இருக்கும்.”

மூலையிலிருந்த அக்கா சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. நான் தண்ணீர் பிடிக்கக் கீழே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் அரை நாளோடு கிளம்பினார். போகமாட்டார், டீச்சரம்மாவுக்கே விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் கால் தானாக சர்ச்சுப் பக்கம் போனது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, மைக் முன்னால் நின்றார். ஃபாதரிடம் பல் தொலைந்ததைச் சொல்லவே இல்லை போலிருக்கிறது. சொன்னால் புத்தகம் போய்விடும் அல்லவா.

வாயைத் திறந்தார். அந்த மைக் செட் ரொம்ப நல்ல மைக் செட். அவர் வாயிலிருந்து ஜெபம் வந்ததோ இல்லையோ, காற்று முழுசாக வந்தது. ஒவ்வொரு ‘ஸ்’ஸுக்கும் டயர் பஞ்சரான மாதிரி கூரை வரைக்கும் சத்தம். முன் வரிசைப் பிள்ளைகள் தோளைக் குலுக்கினார்கள். அம்மாக்கள் அவர்களைக் கிள்ளிவிட்டுத் தாங்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை. மூன்று ஸ்தலம் வாசித்தார். நாலாவதுக்கு நகரும்போது ஃபாதர் கண்ணைக் காட்ட, டீச்சரம்மா வந்து மெதுவாகப் புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவர் விரல் கொஞ்ச நேரம் புத்தகம் பிடித்த மாதிரியே இருந்தது. பிறகு எல்லோரோடும் சேர்ந்து முட்டிபோட்டார்.

நானும் சிரித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். பஞ்சர் சத்தம் முதல் தடவை கேட்டபோதே சிரிப்பு வந்துவிட்டது, மூக்கால், இடது பக்கம் அடைத்த மூக்கால், வெளியே கேட்கிற மாதிரி வந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அத்தனை ஜனத்தில் நேராக என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை ஒரு விஷயம் நடந்தது. குழாய் வேலைக்கு வந்த ஆள் இரும்புப் பைப்பைத் தவறவிட்டு ஹாலில் இரண்டு கல் உடைந்தது. மேஸ்திரி வந்தார், ஐந்து நிமிஷம் அவனுடைய அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டினார், பிறகு ஃபோனை எடுத்து யாரிடமோ பேசினார். மத்தியானமே வேறு கடையிலிருந்து ஒரு பெட்டி கல் வந்து இறங்கியது. அதே கல். யாரையும் வராதே என்று சொல்லவில்லை. குழாய்க்காரன் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தான். அண்ணன் அந்தப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமை வந்ததும் நேரே மேஸ்திரியிடம் போனார். வாசலில் வேறு செட் ஆட்களின் கல் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மேஸ்திரி ஒரு காதில் ஃபோன் வைத்திருந்தார். அண்ணன் தரையைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், என்னைக் காட்டினார். என் பல்லு அந்தக் கல்லுக்கு அடியில இருக்கு, இவன்தான் வெச்சான், ஒரே ஒரு கல்லு எடுக்க உடுங்க, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேணும் என்றார். எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

மேஸ்திரி ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினார். “ஏனோ ஹேள்தானெ இவனு? என்னா சொல்றான்?”

“பல்லு போனதுலேருந்து அண்ணனுக்கு மனசு சரியில்ல மேஸ்திரி” என்றேன். “ரெண்டு நாள் லீவு கேக்கறாரு.”

“ஹோகலி பிடு, போவட்டும்” என்று மேஸ்திரி மறுபடி ஃபோனுக்குப் போனார்.

அண்ணன் என்னைத் தாண்டி ஹாலுக்குள் போனார். எங்கள் வெட்டு மெஷினைக் கையில் எடுத்து அந்தக் கல்லின்மேல் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தார். நடுவில் உளியை வைத்து ஒரே போடு. பக்கத்துக் கல் நாலிலும் ஒரு கீறல் இல்லாமல் சில்லுகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். சத்தம் கேட்டு மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடி வந்தார். அதற்குள் அண்ணன் செட்டான கலவையைச் சுற்றிலும் கொத்திக் கரண்டி முனையால் நெம்பினார். மேல் செட் வந்தது. வரும்போது நடுவில் இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தது.

“ஹல்லு?” என்றார் மேஸ்திரி, என்னைப் பார்த்து. “பல்லு எப்பிடிடா உள்ள போச்சு?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் இது. அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள்.

“குனிஞ்சு வேல செய்யறப்போ உழுந்துருக்கும் மேஸ்திரி, அவருக்கே தெரிஞ்சிருக்காது” என்றேன்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, கேட்காமல் கல்லை உடைத்ததற்கு இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அண்ணனிடம் சொன்னார். குழாய்க்காரனிடம் சொல்லாததை இவரிடம் சொன்னார். அண்ணன் இரண்டு துண்டையும் வாளித் தண்ணீரில் கழுவி, கர்ச்சீப்பில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். ரசமட்டத்தை எடுத்தார், கரண்டியை எடுத்தார். அக்காவிடம் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

“நீ ஒட்டு” என்று மேஸ்திரி என்னிடம் சொன்னார். “இன்னு மேலே நீனே.” இனிமேல் கல் ஒட்டுகிறவன் நான்தான். எட்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை.

முட்டிபோட்டேன். பள்ளத்தில் கலவை கல்லாக இறுகியிருந்தது. அதில் செட் இருந்த இடம் அப்படியே அச்சாக இருந்தது, ஓரத்தில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக. அக்கா கலவை கொண்டுவந்து என் தலைக்கு மேல் நின்றாள். வழக்கமாகத் தட்டை என் கையில் கொடுப்பாள். அன்றைக்குத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நானே எட்டி இழுத்து, அந்த அச்சு மேல் ஒரு கரண்டி கலவையைப் போட்டுத் தடவினேன்.